சுவருக்கு அந்தப் பக்கம் வெந்நீர்

“…கொண்டாந்தவளுக்கே அதுல இருமல்னா, இந்தப் பிஞ்சு என்ன செய்யும்? நீங்களே சொல்லுங்க. அந்த வீட்ல புகை அடங்கட்டும். அன்னைக்கு வாரேன்.”

என் மனைவி இதைச் சொன்னது பசுவந்தனைப் பக்கம் அவள் அப்பா வீட்டில், பாயில் உட்கார்ந்தபடி. மடியில் எங்கள் பெண் குழந்தை. புரட்டாசித் தொடக்கத்தில் பிறந்தவள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா காதை வைத்துக் கேட்டுவிட்டு, வேறு ஒன்றும் இல்லை, புகை மட்டும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றைக்குப் பிடித்தாள் என் மனைவி அந்தப் பிடியை.

புகை என்றால் அடுப்புப் புகை இல்லை. கோவில்பட்டியில் எங்கள் வாடகை வீட்டுக்கு அப்போதே கேஸ் வந்துவிட்டது. அவள் சொன்னது வெந்நீர் பாய்லரை. கல்யாணச் சீரில் கட்டில் பீரோவோடு வந்து இறங்கிய செம்பு பாய்லர். ஆடு வளர்த்துக் காடு வாங்கிய குடும்பம் அது. மகள் டவுனுக்கு வாழப் போகிறாளே என்று மாமனார் ஆசையாக வாங்கித் தந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீடு போனவளை ஒற்றைப்படை மாதத்தில்தான் அழைத்து வருவார்கள். மூணாம் மாதம், தப்பினால் அஞ்சாம் மாதம். எங்கள் கணக்கில் மூணு என்பது கார்த்திகை. அதற்குள் புகை அடங்கவில்லையென்றால் தை வரைக்கும் நானும் என் அப்பாவும் அந்த வீட்டில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பாய்லர் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஓர் ஆள் கட்டிப் பிடிக்கிற பருமனில் ஒரு செம்புப் பாத்திரம். நடுவில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு குழல், விறகு எரிவது அதற்குள். குழலின் அடியில் இரும்புச் சல்லடை, அதற்குக் கீழே சாம்பல் விழ ஒரு வாய். குழலைச் சுற்றித் தண்ணீர். தோளில் ஒரு புனல், விலாவில் ஒரு மூக்கு. திருகு கிருகு எதுவும் கிடையாது. புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் விழும். ஊற்றாவிட்டால் அது பாட்டுக்கு முறைத்துக்கொண்டு நிற்கும்.

எங்கள் வீட்டில் அது அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நின்றது. மூக்கு மட்டும் சுவரில் ஒரு துளை வழியாகக் குளியலறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆக, ஒருவர் உள்ளே குளித்தால் இன்னொருவர் வெளியே நின்று புனலில் ஊற்ற வேண்டும். கல்யாணமான புதிதில் எங்கள் பேச்செல்லாம் அந்தச் சுவரில்தான். வீடு சின்னது, அப்பா எப்போதும் முன்னறையில் இருப்பார், அவர் முன்னால் பெண்டாட்டியோடு சிரித்துப் பேசுகிற வழக்கம் அந்தக் காலத்தில் ஏது? நான் ஒரு செம்பு ஊற்றுவேன். உள்ளேயிருந்து, “இன்னொண்ணு” என்று குரல் வரும். ஊற்றுவேன். “கடையில இன்னைக்கு எந்தப் பொம்பளைகிட்ட ரொம்ப நேரம் வாயடிச்சீங்க?” என்று வரும். நான் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவன், வாய்தான் பிழைப்பு. “ஒரு பாட்டிம்மாகிட்ட” என்பேன். “பாட்டிக்கு என்ன வயசு?” என்பாள். மஞ்சள் வாசனையும் ஆவியும் அந்தத் துளையோரம் கசிந்து வரும். ஒரு குளியலுக்குத் தேவையான தண்ணீரைவிட அதிகமாகத்தான் நாங்கள் செலவழித்திருப்போம். போர்த் தண்ணீர், உப்பு. வாயில் வைக்க முடியாதே தவிர குளிக்கப் பஞ்சமில்லை.

இன்றைக்குச் சுவிட்சைத் தட்டினால் வெந்நீர் வருகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் நிற்க வேண்டியதில்லை. அதைச் சௌகரியம் என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லுகிறேன்.

பாய்லருக்கு நெருப்புப் போடுவது அப்பாவின் இலாகா. நூற்பாலையில் முக்கால் ஆயுளைக் கழித்தவர். ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசியோடு வந்த காலத்திலிருந்தே வெந்நீர் அவருக்கு உயிர். “மத்தவனுக்கு வருசத்துக்கு ஒரு தீவாளி. எனக்குத் தெனமும் காலையில” என்பார். ஆனால் நெருப்புப் போடுகிற லட்சணம் இருக்கிறதே, சாக்கில் துணி திணிக்கிற மாதிரி குழலுக்குள் விறகைத் திணிப்பார். ஈர விறகு, பழைய செருப்பு, பால் பாக்கெட்டு, எதுவும் விலக்கில்லை. சாம்பலை அள்ளவே மாட்டார். அது கிடந்தால் சூடு நிற்குமாம்.

“மாமா, இம்புட்டையும் போட்டா அது எப்படி எரியும்?” என்று என் மனைவி கேட்டாள் ஒரு நாள்.

“நெருப்புக்கும் பசிக்கும்லாம்மா.”

“மூச்சும் விடணும்லா மாமா.”

அப்பா சிரித்துவிட்டு அதற்கு மேல் ஒரு கட்டையைத் திணித்தார்.

அதைவிட மோசம், மூக்கில் துணியை அடைப்பது. குளிக்கப் போகும்வரை சூடு வெளியே போகாமல் இருக்க அவர் கண்டுபிடித்த உபாயம். ஒரு காலையில் தண்ணீர் கொதித்து, ஆவி போக வழியில்லாமல், புனல் வழியாகச் சுடுதண்ணீர் பீறிட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அடித்தது. நல்லவேளை அந்த நேரம் யாரும் பக்கத்தில் இல்லை. என் மனைவி கரண்டியால் அந்தத் துணியை இழுத்துப் போட்டுவிட்டு, அதைக் கொண்டுபோய்த் தெருக் குப்பையில் எறிந்துவிட்டு வந்தாள். அப்பாவை ஒரு சொல் சொல்லவில்லை. அப்பாவும் அதற்குப் பிறகு மூக்கைத் தொடவில்லை.

புகை மட்டும் தொடர்ந்தது. இடுக்குக்கு மேலே கூரை, புகை போக வழி கிடையாது. பாய்லரை வெளியே முற்றத்தில் வைக்கலாம் என்றால், அப்பா ஒப்பவில்லை. “செம்புலே அது. காலையில எந்திரிச்சுப் பாத்தா புனல் கூட மிஞ்சாது.” அதுவும் பொய்யில்லை. எங்கள் தெருவில் செம்புக் குடம் காணாமல் போகாத வீடு குறைவு. மாசமாக இருந்த நாளெல்லாம் அவள் இருமியபடியே தலைக்கு ஊற்றினாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊற்றினேன். அவள் போன பிறகுதான் அந்த இருமல் என் காதில் தனியாகக் கேட்க ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் பிடித்துப் போவேன். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அவள் எழுந்து வந்து என் சட்டைத் தோளில் மூக்கை வைப்பாள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ கொஞ்சல் மாதிரி இருக்கும். அவள் தம்பி வெட்கப்பட்டுத் திரும்பிக்கொள்வான். நடப்பது சோதனை. “இன்னும் அடிக்கி” என்பாள். போய் உட்கார்ந்துகொள்வாள். குழந்தையைத் தூக்கக்கூட சட்டையைக் கழற்றிவிட்டு, முகம் கைகால் கழுவி, மாமனாரின் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் வர வேண்டும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “பவுடரை அள்ளிப் போட்டுட்டுப் போலே” என்றார். போட்டுக்கொண்டும் போனேன். அவள் மோந்து பார்த்தாள்.

“மேல பவுடரு. கீழ அதே புகை. இது மாமா யோசனைதான?”

“ஆமா.”

“அவியளுக்கு இந்த மூளைய நெருப்புப் போடுறதுல வைக்கச் சொல்லுங்க.”

சிரித்தாள்தான். ஆனால் என்னை பஸ்ஸுக்கு அனுப்பும்போது அவள் கண் வேறு பக்கம் போனது. குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்த சமயம். பஸ்ஸில் வரும்போது இரண்டு பக்கமும் மழை குடித்த கரிசல். உளுந்தும் கம்பும் எழும்பி நின்றன. உலகத்தில் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட மாதிரி தோன்றும். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதே புகை வாசம் வந்து வரவேற்கும்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. வேலிக்கருவை விறகு ஊறிப் போய், கொளுத்தினால் எரிவதைவிட அழுவது அதிகம். அழைத்துவர நாள் குறிக்க என் மனைவியின் அண்ணன் வருவதாக ஆள் விட்டுச் சொன்னார்கள். அப்பாவுக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. எனக்கு மட்டுமா ஏக்கம், பேத்தியை அவர் பார்த்ததே ஆஸ்பத்திரியில் ஒரு முறைதான். ஈர விறகு இல்லாமல், புகையில்லாமல் எரிகிற சாமான் எது என்று தெருத் தெருவாக விசாரித்திருக்கிறார். கடைசியில் ஒரு தீப்பெட்டி ஆபீசிலிருந்து கழிவுக் குச்சி ஒரு சாக்கு வாங்கிவந்துவிட்டார். வளைந்தது, உடைந்தது, குட்டையானது. காய்ந்த பஞ்சு மாதிரி இருக்கும், பிடித்தால் நிமிசத்தில் எரியும். எங்கள் ஊரில் அடுப்பு மூட்ட அதை வாங்காதவர்கள் இல்லை.

அண்ணன் வந்த காலை. முன்னறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். பக்கத்தில் கருப்பட்டிப் பொட்டலம். அப்பா உள்ளே போய், இன்றைக்குப் பாருங்கள் எங்கள் வீட்டில் புகையே கிடையாது என்று காட்டுகிற தோரணையில், அந்தக் குச்சியை இரண்டு கையாலும் அள்ளிக் கங்கு கிடந்த குழலுக்குள் கொட்டினார். வெறும் குச்சியென்றுதான் அவர் நினைத்தார். அடிச்சாக்கில் மருந்தில் தோய்த்த குச்சியும் கலந்து கிடந்திருக்கிறது. சர் என்று ஒரு சத்தம். குழலிலிருந்து வெள்ளைத் தீ ஆள் உயரத்துக்கு எழும்பி இறங்கியது. நாங்கள் ஓடினோம். அப்பா சுவரோடு சாய்ந்து நின்றார். மேலுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு புருவமும் போய்விட்டது. வீடு முழுக்க கந்தக நெடி, தொண்டைக்குள் கத்தியை விட்டு ஆட்டுகிற மாதிரி. அண்ணன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைக் கைத்தாங்கலாக முற்றத்துக்கு அழைத்துப் போனார்.

“என்ன மாமா, கார்த்திகைத் தீவத்துக்கு இன்னும் நாள் கெடக்கே” என்றார், சமாதானமாக.

அப்பா சிரிக்கவில்லை. புருவம் இல்லாத முகத்தில் என்ன உணர்ச்சி என்று கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

அண்ணன் கருப்பட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, “தைக்குப் பாத்துக்கிடுவோம் மாப்ள. அவசரம் என்ன” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நாள் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவசரம் என்னவா? அன்றைக்குக் கடைக்குப் போய் சேலை விரித்தபோது, வாய் ஓடவேயில்லை. முதலாளி, “உடம்புக்கு முடியலையாவே?” என்று கேட்டார்.

மறுநாள் காலை குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். இடுக்கில் நெருப்பு இல்லை. அப்பா தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. சாக்கைத் தெருவில் வேறு யாருக்கும் கொடுக்காமல், தண்ணீரில் ஊறவைத்துக் குப்பையில் கொட்டிவிட்டு வந்தார்.

பாய்லர் என் கைக்கு வந்தது அப்படித்தான். எனக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஓர் ஆசை இருந்தது, அவ்வளவுதான். முதலில் அதைக் கவிழ்த்துப் போட்டு, குழலுக்குள் கம்பியை விட்டுச் சுரண்டினேன். கல்யாணத்திலிருந்து சேர்ந்த புகைக்கரி. விரல் கனத்துக்கு உள்ளே ஒட்டிக்கிடந்தது. சூடு எங்கே தண்ணீருக்குப் போகும்? சல்லடைக் கண்ணெல்லாம் சாம்பல் இறுகி அடைத்திருந்தது. அதைத் தட்டி எடுத்து, நிமிர்த்தி வைத்து ஒரு காகிதத்தைக் கொளுத்திப் போட்டதும் அடிவாயில் கையை வைத்தால் காற்று உள்ளே இழுப்பது தெரிந்தது. என் மனைவி சொன்ன மூச்சு அதுதான். உள்ளே படிந்திருந்த உப்புக்குப் புளியைக் கரைத்து ஊற்றி, ஊறவைத்துக் கழுவினேன்.

பிறகு இடம். முற்றத்துப் பக்கமிருந்த குளியலறைச் சுவரில் ஒரு செங்கல்லை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். பலசரக்குக் கடைக்காரர். விசயம் முழுக்கக் கேட்டுவிட்டு, “பாய்லருக்கு வாசல் வைக்கிற மொத ஆளு நீருதான்வே” என்றார். “ஆனா பிள்ள வருதுன்னா எடுத்துக்கிடும். போகையில பூசிக் குடுத்துரணும்.” பாய்லரை முற்றத்து வெட்டவெளியில் வைத்து, மூக்கில் ஒரு குழாய்த் துண்டைச் சொருகி உள்ளே விட்டேன். தகரக் கடையில் குழலின் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி நீளமாக ஒரு புகைக்குழாய் அடித்து வாங்கி மேலே நிறுத்தினேன். உயரம் ஏற ஏற நெருப்பு சுறுசுறுப்பாக எரிவதைப் பார்க்கப் பார்க்க ஆச்சரியம். களவுக்குப் பயந்து பாய்லரின் கைப்பிடியையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்து சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டினேன். தெருவில் அதற்கு ஒரு பேச்சு ஓடியது. “அவன் பொண்டாட்டிய விட்டுட்டு பாய்லரக் கட்டிப் போட்டுருக்கான்” என்று.

விறகுக்கு மாமனார் காட்டில் அடுக்கிக் கிடந்த போன வருசத்துக் காய்ந்த பருத்திச் செடி, பருத்திமார். இரண்டு கட்டு பஸ் மேல் ஏற்றி வந்தேன். “சீரா அண்ணாச்சி?” என்றார் கண்டக்டர். “ஆமா, தவணைல வருது” என்றேன். கருவை விறகைச் சாண் அளவுக்குப் பிளந்து, அடுப்படிப் பரண்மேல் காயப் போட்டேன். பருத்திமாரை ஒடித்து மூட்டி, அதன்மேல் இரண்டு மூன்று துண்டு கருவை. அது தணலான பிறகு அடுத்த துண்டு. அவ்வளவுதான் தேவைப்பட்டது. மூட்டும்போது ஒரு இணுக்குப் புகை வரும், பிறகு குழாய் வாயில் வெறும் காற்று நடுங்குவதுதான் தெரியும். அப்பா ஒரு வாரத்துக்கு எரித்த விறகு எனக்கு மாதத்துக்குக் காணும்.

“அப்பா, சுடுதண்ணி ரெடி” என்பேன்.

“நீ குளி. எனக்குப் பச்சத் தண்ணி பழகிட்டு.”

மார்கழி பிறந்துவிட்டது. கரிசக் காட்டுக் குளிர் எங்கள் ஊரில் விடியற்காலம் எலும்புக்குள் இறங்கும். குளித்துவிட்டு வந்து அவர் சட்டைப் பொத்தானைப் போட வெகுநேரம் பிடிக்கும். “பிள்ள வரட்டும், பாத்துக்கிடுவோம்” என்பார். நான் கெஞ்சிப் பார்த்தேன், கோபப்பட்டுப் பார்த்தேன். தன் கையால்தான் பேத்தி தள்ளிப் போனாள் என்று அவருக்குள் ஒரு கணக்கு. யாரும் அவருக்குப் போட்டுக் கொடுக்காத கணக்கு.

வீட்டில் புகை அடங்கிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது என் மனைவி முற்றத்தில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை எண்ணெயாக இருந்ததால் எழுந்திரிக்கவில்லை. நான் போய்க் குனிந்தேன். தோளில் மூக்கை வைத்தவள், இந்த முறை கொஞ்ச நேரம் அதை எடுக்கவேயில்லை.

“ஒண்ணும் அடிக்கலையே” என்றாள். “நெருப்பே போடலையா?”

“தெனமும் போடுதேன்.”

“சும்மா சொல்லாதீங்க. எப்படிப் போடுதீங்க, சொல்லுங்க பாப்போம்.”

“மொதல்ல மூக்குல சொட்டுற வரைக்கும் தண்ணி. பெறகுதான் தீக்குச்சி.”

“தண்ணி இல்லாம மூட்டுனா?”

“பத்து வச்ச ஈயம் உருகி இணைப்பு விட்டுப் போகும். பாய்லரு பாத்திரக்கடைக்குத்தான் போவும்.”

“சாம்பல்?”

“தெனமும் அள்ளுதேன். கங்கு இருந்தா தண்ணி தெளிச்சுட்டுதான் கொட்டுதேன்.”

“மூட்டிட்டுக் கடைக்கு ஓடிருவீங்களே.”

“அணையுற வரைக்கும் அங்கனதான் நிக்கேன். மண்ணெண்ணெய் ஒரு சொட்டு ஊத்தல. மூக்குல துணி வைக்கல. பாய்லரு இப்பம் முத்தத்துலதான் நிக்கி, வீட்டுக்குள்ள வாசமே வராது.”

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏட்டி, மாப்பிள்ளைக்குப் பரீட்சையா வைக்க?” என்றார்.

என் மனைவி குழந்தையின் காலை நீவியபடி, “பாஸுதான்” என்றாள். முகத்தில் அந்தச் சுவர்க் காலத்துச் சிரிப்பு வந்தது. பிறகு கேட்டாள். “மாமா என்ன சொல்லுதாவ? இப்பம் அவியளுக்குக் குளிக்கதுக்குச் சொகமா இருக்குமே.”

நான் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். அவள் கை நின்றது.

“மாமா எதுல குளிக்காவ?”

“பச்சத் தண்ணியிலதான்.”

“இந்தக் குளுருலயா? எம்புட்டு நாளா?”

“புருவம் கருகின நாள்லருந்து. சொன்னாக் கேக்க மாட்டேங்காவ. பிள்ள வரட்டுங்காவ.”

அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தையின் மூச்சு கேட்டது. அந்த உறுமல் வெகுவாகக் குறைந்திருந்தது.

“நான் புகையத்தான சொன்னேன்” என்றாள். “அவியளையா சொன்னேன்?”

“அவிய அப்படி எடுத்துக்கிட்டாவ.”

“நீங்க எனக்கு ஒரு வார்த்த சொல்லலையே.”

“சொன்னா என்ன செய்வ? தை பிறக்கணும்லா.”

அத்தை அதைக் கேட்டு வெளியே வந்துவிட்டார். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். “ஏட்டி, நாலாம் மாசம்ட்டி. அதுலயும் மார்கழி. ஊரு என்ன சொல்லும்?”

என் மனைவி குழந்தையை என் கையில் கொடுத்தாள், துண்டு கேட்காமல், சட்டையைக் கழற்றச் சொல்லாமல். எண்ணெய்க் கையைத் தொட்டியில் கழுவி, முந்தானையில் துடைத்தாள். பிறகு கொடியருகே போய், ஈரம் முழுதாகக் காயாத பிள்ளைத் துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட ஆரம்பித்தாள்.